வீட்டுக்குப் பின்னாடி துப்பாக்கி ரேஞ்ச் வருதாம்! – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஸோனிங் (எந்த இடத்துல என்ன நடக்கலாம்னு ஊரை மண்டலமா பிரிக்கிற விதி) பத்தி எழுதினப்போ, குடியிருப்புக்குப் பக்கத்துல என்னென்ன கடை வரலாம்னு சொல்லிட்டு வந்தவன், துப்பாக்கி சுடுற ரேஞ்ச் கதை தனிக் கதை, அப்புறம் சொல்றேன்னு ஒரு வரியில விட்டுட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தத் தடவை தபால் குவிஞ்சிருக்கு. அதனால வீட்டு லோன், ஃபென்ஸ் சண்டை எல்லாம் அடுத்த இதழுக்கு, இன்னிக்கு முழுக்க ரேஞ்ச்தான்.

கேள்வி: சிகாகோ பக்கத்துல ஒரு சபர்ப்ல இருக்கோம் அண்ணா. எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெயில் பாதை, அதுக்கு அந்தப் பக்கம் வரிசையா வேர்ஹவுஸ். அதுல காலியா கிடக்கிற ஒண்ணை இன்டோர் ஷூட்டிங் ரேஞ்சா மாத்தப் போறாங்களாம், ஹியரிங் (பொது விசாரணை) இருக்குன்னு வில்லேஜ்ல, அதாவது எங்க ஊர் நிர்வாகத்துல, இருந்து லெட்டர் வந்திருக்கு. அதே காம்ப்ளெக்ஸ்ல ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துதான் ஞாயித்துக்கிழமை எங்க பிள்ளைங்க தமிழ் ஸ்கூல் நடக்குது. தடுக்க முடியுமா? – ஒரு வாசகி, இல்லினாய்

பதில்: முதல்ல அந்த லெட்டரை ஜங்க் மெயிலோட சேர்த்துத் தூக்கிப் போடாம ஃப்ரிட்ஜ்ல மாட்டுங்கம்மா. பாதிப் பேர் அங்கதான் கோட்டை விடுறாங்க, ஹியரிங் முடிஞ்சு கட்டட வேலை ஆரம்பிச்சு போர்டு மாட்டின பிறகு ஓடி வந்து "யாருமே சொல்லலையே"ன்னு நிப்பாங்க. இல்லினாய்ல ஹியரிங்குக்கு குறைஞ்சது 15 நாள் முன்னாடி, 30 நாளுக்கு மேல போகாம, பேப்பர்ல விளம்பரம் வந்திருக்கணும். அந்த விளம்பரத்தை எந்த மனுஷன் படிக்கிறான்னு கேக்காதீங்க, சட்டம் அப்படி.

லெட்டர்ல "ஸ்பெஷல் யூஸ்"னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க. இருந்தா உங்களுக்கு நல்லது. சில தொழில் அந்த மண்டலத்துல தானாவே அனுமதிக்கப்பட்டதா இருக்கும், விண்ணப்பம் போட்டா ஆபீஸ்ல சீல் குத்தி அனுப்பிடுவாங்க, உங்களைக் கேக்கவே மாட்டாங்க. ஸ்பெஷல் யூஸ்னா கதை வேற, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா ஹியரிங் வெச்சு, அக்கம்பக்கத்துக்கு கெடுதல் வருமா, ட்ராஃபிக் என்னாகும், சொத்து மதிப்பு என்னாகும்னு பார்த்து, என்ன காரணத்தால கொடுக்குறோம்னு எழுத்துல வெச்சுத்தான் கொடுக்கணும். கொடுக்கும்போது நிபந்தனையும் போடலாம். அந்த நிபந்தனையிலதான் உங்க ஆட்டமே இருக்கு, அதுக்கு வரேன்.

அடுத்தது தூரம். பல ஊர்ல ரேஞ்சுக்கும் வீடு, ஸ்கூல், கோயில், டே கேர் இதுக்கெல்லாம் நடுவுல இத்தனை அடி இருக்கணும்னு இருக்கும். அந்த நம்பரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுடாதீங்க, எங்கிருந்து எங்க அளக்கணும்னு அடுத்த வரியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கட்டடச் சுவர்ல இருந்தா, மனை எல்லையில இருந்தா, வாசக்கதவுல இருந்தா? கலிபோர்னியா அலமீடா கவுன்ட்டியில ஒரு துப்பாக்கிக் கடை விவகாரம் இதுலயே மாட்டி கோர்ட் வரைக்கும் போச்சு. 500 அடின்னு விதி. வாசலுக்கு வாசல் அளந்தா 500 தாண்டுது, கடைச் சுவர்ல இருந்து வீட்டு மனை எல்லைக்கு அளந்தா 446தான் வருது. நடுவுல ஒரு பெரிய ஃப்ரீவே வேற ஓடுது, அந்தக் கார் சத்தத்துல கடைச் சத்தம் யாருக்குக் கேக்கப் போகுது, ஆனா டேப்புக்கு ஃப்ரீவே தெரியாதே! 2017ல ஒன்பதாவது சர்க்யூட்னு சொல்ற ஃபெடரல் அப்பீல் கோர்ட்டோட பெரிய பெஞ்ச், பெரும்பான்மையா கவுன்ட்டி பக்கம்தான் சொல்லிச்சு.

நான் ப்ளானிங் ஆபீஸ்ல வேலை பார்த்த காலத்துல சக்கரம் வெச்ச அளவுகோல் ஒண்ணு தருவாங்க, தள்ளிக்கிட்டே நடந்தா டிக் டிக்னு அடி எண்ணும். ஒரு தடவை ஒரு சர்ச்சுக்கும் ஒரு விண்ணப்பக்காரர் கட்டடத்துக்கும் நடுவுல அதைத் தள்ளிக்கிட்டு போனா 503 வருது, திரும்பி வந்தா 497 வருது, ரெண்டு பக்கத்து ஆளும் என் பின்னாடியே வந்துக்கிட்டு ஆளுக்கொரு நம்பரை நோட்ல எழுதிக்கிறாங்க. கடைசியில சர்வேயரைக் கூப்பிட்டோம். அதனால சொல்றேன், கூகுள் மேப்ல கோடு இழுத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கிட்டு ஹியரிங் போய் நிக்காதீங்க, ஊர் ஆபீஸ்ல அவங்களோட பார்சல் மேப் (மனை எல்லை காட்டுற வரைபடம்) கேட்டு வாங்குங்க.

இப்போ தமிழ் ஸ்கூல். மனசு கஷ்டமா இருக்கும், ஆனா சொல்லித்தான் ஆகணும். ஸோனிங் சட்டப் புத்தகத்துல "டெஃபினிஷன்ஸ்"னு ஒரு பகுதி இருக்கும், யாரும் புரட்டாத பகுதி, அதுல ஸ்கூல்னா என்னன்னு எழுதியிருப்பாங்க. வாரம் ரெண்டு மணி நேரம் வாடகை ஹால்ல ஆத்திசூடி சொல்லிக் கொடுக்குறது அந்த வார்த்தைக்குள்ள வராமப் போறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. அது மட்டுமில்ல, அந்த வேர்ஹவுஸ் மண்டலத்துல உங்க ஸ்கூலுக்கே அனுமதி இருக்கான்னு யாராவது பார்த்தீங்களா? மைக்ல போய் "எங்க ஸ்கூல் இருக்கு"ன்னு சொல்லி, "அப்படியா, உங்க பெர்மிட் எங்க"ன்னு திருப்பிக் கேட்டா வம்பாயிடும். முதல்ல அதைச் சரி பார்த்துக்கிட்டு பேசுங்க.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே தீர்த்துடறேன். ஸ்கூலைச் சுத்தி 1000 அடிக்குள்ள துப்பாக்கியே கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் இருக்கேன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. சட்டம் இருக்கு. ஆனா தனியார் நிலத்துக்கு அதுல விலக்கும் இருக்கு. அதை நம்பி ரேஞ்சை நிறுத்த முடியாது.

ஹியரிங்ல என்ன பேசுறது? துப்பாக்கி நல்லதா கெட்டதா, அமெரிக்கா எங்க போய்க்கிட்டிருக்கு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அங்க உக்காந்திருக்கிற ஸோனிங் போர்டு ஆளுங்க ஏழு பேருக்கும் அதுல ஆளுக்கொரு கருத்து இருக்கும், அதை வெச்சு அவங்க முடிவெடுத்தா அந்த முடிவு கோர்ட்ல நிக்காது, அவங்க வக்கீலும் காதுல அதைத்தான் ஓதுவார். பேசக் கொடுக்கிற உங்க மூணு நிமிஷம் அதுலயே போயிடும், பச்சை லைட் மஞ்சளாகி சிவப்பாகி மைக் கட். பதிலா கேள்வி கேளுங்க. கூரை மேல இருக்கிற எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் பார்த்து ஊதுது? என்ன ஃபில்டர், அதை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாத்துவீங்க, கழட்டின ஃபில்டரை எங்க போடுவீங்க? சுவர் என்ன கனம், கூரைக்குத் தடுப்புத் தகடு இருக்கா இல்ல வெறும் தகரக் கூரையா? வேர்ஹவுஸ் கூரைங்க பெரும்பாலும் மெல்லிசு, ரேஞ்சுக்குன்னு கட்டினது இல்ல, பாதி ப்ராஜெக்ட் செலவு அங்கதான் எகிறும். ராத்திரி எத்தனை மணி வரைக்கும்? ரைஃபிளுமா, பிஸ்டல் மட்டுமா?

இல்லினாய்ல உங்களுக்கு ஒரு கூடுதல் ஆயுதம் இருக்கு (ரேஞ்ச் விஷயத்துல இந்த வார்த்தை தானா வந்து விழுது, மன்னிச்சுக்கோங்க). லைல்னு ஒரு வில்லேஜ், நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற நேப்பர்வில்லுக்குப் பக்கத்து ஊர். அங்க ஒரு பெரிய சூப்பர் ஸ்டோருக்கு ஸ்பெஷல் யூஸ் கொடுத்த ஹியரிங்ல பக்கத்து வீட்டுக்காரங்களை சாட்சிங்ககிட்ட குறுக்குக் கேள்வி கேக்க விடலன்னு வழக்கு. 2002ல இல்லினாய் சுப்ரீம் கோர்ட் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அந்த உரிமை உண்டுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுல இருந்து பல ஊர்ல முன்கூட்டியே ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுத்தா, ரேஞ்ச்காரர் கூட்டிட்டு வர சவுண்ட் எக்ஸ்பர்ட்கிட்ட நீங்களே நேரா கேள்வி கேக்கலாம். கடைசி நாள் எதுன்னு க்ளார்க்குக்கு நாளைக்குக் காலையிலயே போன் போடுங்க.

தடுக்க முடியுமான்னு கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு நல்ல விண்ணப்பத்தோட வர இன்டோர் ரேஞ்சை, அதுவும் தொழில் மண்டலத்துல, முழுசா தடுக்குறது கஷ்டம். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில தமிழ் ஸ்கூல் நேரத்துல திறக்கக் கூடாது, ரயில் பாதைப் பக்கம் கதவு வெக்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவை வெளியில சத்தம் அளந்து வில்லேஜ்கிட்ட கொடுக்கணும், இந்த மாதிரி நாலு நிபந்தனையை நீங்களே எழுதி டைப் பண்ணி எடுத்துட்டுப் போங்க. கையில பேப்பர் இருந்தா போர்டு அதைத்தான் பார்க்கும்.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். ஒரு ஊர் "எங்க எல்லைக்குள்ள ரேஞ்சே வேண்டாம்"னு முடிவெடுத்தா கோர்ட் எதுக்கு குறுக்க வரணும்? – ஒரு வாசகர், சென்னை

பதில்: சிகாகோ மாநகராட்சி அதைத்தான் பண்ணிச்சு தம்பி, ஆனா கூடவே ஒரு வேடிக்கையும் பண்ணிச்சு. 2010 ஜூன் 28ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சிகாகோவோட கைத்துப்பாக்கித் தடை செல்லாதுன்ற மாதிரி தீர்ப்பு சொன்னுச்சு. நாலே நாள்ல, ஜூலை 2ஆம் தேதி, மாநகராட்சி புது சட்டம் போட்டுடுச்சு. துப்பாக்கி வெச்சுக்க பெர்மிட் வேணும், பெர்மிட் வேணும்னா நாலு மணி நேரம் வகுப்பு, ஒரு மணி நேரம் ரேஞ்ச்ல சுட்டுப் பழகணும். சரி, நியாயம். அதே சட்டத்துல, ஊருக்குள்ள பொதுமக்களுக்கு ரேஞ்சே கூடாது! நீச்சல் தெரிஞ்சாத்தான் வேலைன்னு சொல்லிட்டு ஊர்ல இருக்கிற எல்லா குளத்தையும் மூடின மாதிரி.

ஏன்டான்னா, சபர்ப் போய் சுட்டுக்கோங்கன்னு மாநகராட்சி வக்கீல் சொன்னாங்க. 2011 ஜூலையில ஏழாவது சர்க்யூட் கோர்ட் அதை ஏத்துக்கல. பேச்சுரிமையை ஊருக்குள்ள தடை பண்ணிட்டு, பக்கத்து ஊர்ல போய் பேசிக்கோன்னு சொன்னா ஒத்துக்குவோமா, அதே கதைதான் இதுன்னுட்டாங்க. இதுதான் எஸல் வழக்கு, உன் கிளாஸ்ல கண்டிப்பா வரும்.

அதோட முடியல. மாநகராட்சி தடையை எடுத்துட்டு ஸோனிங்ல கை வெச்சது. தொழிற்சாலை மண்டலத்துல மட்டும்தான், அதுவும் ஸ்பெஷல் யூஸ் வாங்கித்தான். இன்னொரு ரேஞ்சுக்கு 100 அடிக்குள்ள கூடாது. குடியிருப்பு மண்டலம், ஸ்கூல், வழிபாட்டு இடம், ஆஸ்பத்திரி, லைப்ரரி, மியூசியம், மதுக்கடை இதுக்கெல்லாம் 500 அடிக்குள்ள கூடாது. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க உள்ளயே வரக் கூடாது. ஒவ்வொண்ணா படிச்சா எல்லாம் நியாயமாத்தான் தெரியும், நான் அந்த ஆபீஸ்ல இருந்திருந்தா நானே எழுதியிருப்பேன். ஆனா எல்லாத்தையும் மேப் மேல ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுப் பார்த்தா நகரத்தோட நிலத்துல 2.2 சதவீதம்தான் மிச்சம், அதுலயும் எவ்வளவு கடை போட லாயக்குன்னு யாருக்கும் தெரியாது. 2017 ஜனவரியில மறுபடி அதே கோர்ட் இதையும் ரத்து பண்ணிச்சு. அன்னிக்குத் தேதி வரைக்கும் பொதுமக்கள் போற ரேஞ்ச் ஒண்ணுகூட ஊருக்குள்ள வரல.

நான் அந்தத் தீர்ப்பைப் படிச்சப்போ உறுத்தினது வேற. ஈயத்தூசி, தீ, திருட்டு வரும்னு மாநகராட்சி சொல்லிச்சே தவிர கையில ஆதாரம்னு ஒண்ணும் கொண்டு வரல. போலீஸ் ரேஞ்சுங்க ஸ்கூல், சர்ச், பார்க் பக்கத்துலயே நடக்குதுன்னு அவங்க சாட்சியே ஒத்துக்கிட்டாங்க. அளந்து பார்க்காம பயத்தை மட்டும் எழுதி வெச்சா இதான் ஆகும்.

2022ல சுப்ரீம் கோர்ட் துப்பாக்கி வழக்குகளுக்கான அளவுகோலையே மாத்திடுச்சு, இப்போ பழைய காலத்துல இந்த மாதிரி கட்டுப்பாடு இருந்ததான்னு வரலாறு தோண்டணும். அதுக்குப் பிறகும் ஊர்கள் தோத்துக்கிட்டே இருக்குன்னு நினைச்சுடாத. மிச்சிகன்ல ஹோவெல் டவுன்ஷிப்னு ஒரு கிராமம் மாதிரி இடம், அங்க 352 ஏக்கர்ல 1000 யார்டு நீள அவுட்டோர் ரேஞ்ச் வெக்கணும்னு ஒரு கம்பெனி. விவசாய-குடியிருப்பு மண்டலத்துல கிடையாதுன்னு டவுன்ஷிப் சொல்லிடுச்சு. 2024ல ஆறாவது சர்க்யூட் டவுன்ஷிப் பக்கம். பழகுறதுக்கு உரிமை இருக்கு, இந்த மண்டலத்துலதான், இத்தனை தூரம்தான்னு கேக்க உரிமை இல்லன்னு சொல்லிடுச்சு.

கேள்வி: மிச்சிகன்ல புது வீடு வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. அரை மைல்ல பழைய கன் க்ளப் இருக்குன்னு குடி வந்த பிறகுதான் தெரியும். சனிக்கிழமை காலையில டமார் டமார். கேஸ் போடலாமா? – ஒரு வாசகர்

பதில்: வீடு பார்க்கப் போனது என்ன கிழமை? செவ்வாய்க்கிழமையா இருக்கும், ரியல் எஸ்டேட் ஏஜென்டுக்குத் தெரியாதா என்ன.

கேஸ் போட்டா பெரும்பாலும் பணம்தான் போகும். மிச்சிகன்ல 1989லயே ரேஞ்சுங்களைக் காப்பாத்த தனிச் சட்டம் போட்டுட்டாங்க. பொதுவா ஏத்துக்கிட்ட நடைமுறைப்படி நடத்திக்கிட்டு இருந்தா தொல்லைன்னு சொல்லி வழக்கு போட முடியாது, ஊர் பின்னாடி புது விதி போட்டாலும் பழைய க்ளப் தொடரலாம். அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல ஏதோ ஒரு வடிவத்துல இப்படி சட்டம் இருக்கு. முதல்ல வயல்வெளியில க்ளப் இருந்துச்சு, வீடுங்கதான் அப்புறம் நெருங்கி வந்துச்சுன்றது அவங்க வாதம், அதுல நியாயம் இல்லாம இல்ல.

ஆனா இந்தக் காப்பு எல்லாம் முக்கியமா சத்தத்துக்கு. தண்ணி, மண் விஷயம்னா வேற. கனெக்டிகட்ல ஸ்ட்ராட்ஃபோர்டுன்ற ஊர்ல கடல் ஓரமா ஒரு க்ளப், தட்டு தூக்கி வீசி அதைச் சுடுற இடம், 1920கள்ல ஆரம்பிச்சு 1986 வரைக்கும் கடலைப் பார்த்தே சுட்டாங்க. ஏறக்குறைய 2400 டன் ஈயக் குண்டு தண்ணிக்குள்ள! 1993ல ரெண்டாவது சர்க்யூட், இது அபாயக் கழிவு, சுத்தம் பண்ற பொறுப்பு வரும்னு சொல்லிடுச்சு. உங்க வீட்டுல கிணத்துத் தண்ணின்னா லேப்ல ஈயம் பார்க்கச் சொல்லிக் கொடுங்க, பெரிய செலவு ஆகாது.

கேள்வி: நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து டெக்சாஸ்ல இன்டோர் ரேஞ்ச் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். டெக்சாஸ்தானே, ரூல்ஸ் எதுவும் இருக்காதுன்னு ஒருத்தன் சொல்றான். – ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: அந்த ஒருத்தன் பணம் எதுவும் போடலன்னு நினைக்கிறேன். ஹூஸ்டன்ல ஸோனிங் கிடையாதுன்றது உண்மை. டெக்சாஸ் கவுன்ட்டிங்களுக்கும் ஸோனிங் அதிகாரம் ரொம்பக் கம்மி. அதனால இடம் கிடைக்கிறது சுலபம், அவ்வளவுதான். பில்டிங் கோட், ஃபயர் இன்ஸ்பெக்ஷன், நிலத்துப் பத்திரத்துல எழுதியிருக்கிற டீட் கட்டுப்பாடு எல்லாம் இருக்கு. ஸ்ட்ரிப் மால்னா லீஸை வக்கீல்கிட்ட கொடுத்துப் படிங்க, பக்கத்துல யோகா க்ளாஸோ டென்டிஸ்டோ இருந்தா அவங்க லீஸ்ல "அமைதியா அனுபவிக்கிற உரிமை"னு ஒரு வரி இருக்கும், அதை வெச்சு ஓனரைப் பிடிப்பாங்க, ஓனர் உங்களைப் பிடிப்பார்.

உண்மையான செலவு காத்துதான். தோட்டா முனை ஈயம், பின்னாடி தட்டுற ப்ரைமர்லயும் ஈயம், ஒவ்வொரு தடவை சுடும்போதும் மூஞ்சிக்கு நேரா புகையா வருது. அதனால சுடுறவன் முதுகுப் பக்கத்துல இருந்து ஒரே சீரா காத்து வந்து ஈயப் புகையை முன்னாடி தள்ளிக்கிட்டுப் போகணும், நிமிஷத்துக்கு 75 அடி வேகம்னு சொல்றாங்க, 50க்குக் கீழ போகக் கூடாது. சொன்னா சின்ன வேகம்தான், ஆனா முழு ஹாலோட அகலத்துக்கும் உயரத்துக்கும், சுழி அடிக்காம, ஹூஸ்டன் ஆகஸ்ட் மாசத்துல ஏசி போட்ட காத்தை இப்படித் தள்ளி வெளிய விட்டா கரன்ட் பில் என்ன வரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. வேலை பார்க்கிறவங்க மூச்சு விடுற காத்துல எட்டு மணி நேர சராசரியா ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஈயத்துக்கு மேல போகக் கூடாதுன்றது ஃபெடரல் விதி, அதுக்கு டெக்சாஸ், ஹூஸ்டன்னு விலக்கெல்லாம் இல்ல. தரையைத் தொடப்பத்தால கூட்டவே கூடாது, நுண்தூசியையும் பிடிக்கிற ஹெப்பா வேக்யூம்தான். அந்த வேலையைப் பார்க்கிற பையன் அதே ஷூவோட வீட்டுக்குப் போய் தவழுற குழந்தை இருக்கிற கார்பெட்ல நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சு, அவனுக்கு அங்கயே மாத்து உடுப்பும் குளிக்க இடமும் ப்ளான்லயே போடுங்க.

கேள்வி: நம்ம ஊர்ல இந்த மாதிரி தூரக் கணக்கு ஏதாவது உண்டா? – ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: உங்க மாவட்டத்துல இருந்து இந்தக் கேள்வி வந்ததும் நார்த்தாமலைதான் ஞாபகம் வந்துச்சு. 2021 டிசம்பர் 30, பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்துல மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர்கள் பயிற்சி எடுத்துக்கிட்டு இருந்தப்போ, தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில குண்டு பாஞ்சு, 2022 ஜனவரி 3ல தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில போயிட்டான். அந்தத் தளத்தை அதுக்கப்புறம் மூடினாங்க. அது கமர்ஷியல் ரேஞ்ச் இல்ல, அரசாங்கத்தோடது. நம்ம ஊர்ல ரைஃபிள் க்ளப், ரேஞ்ச் எல்லாம் 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வாங்கித்தான் நடத்தணும், அமெரிக்கா மாதிரி அக்கம்பக்கத்து ஜனங்களைக் கூப்பிட்டு ஹியரிங் வெக்கிற பழக்கம்தான் கிடையாது.

அந்த ஊர்க்காரங்க "இவ்வளவு தூரம் குண்டு எப்படி வரும்"னு கேட்டதா படிச்சேன். சின்ன தோட்டாங்கள்ல ஒண்ணு .22, அந்த டப்பா மேலயே ஒன்றரை மைல் வரைக்கும் ஆபத்துன்னு அச்சடிச்சிருப்பாங்க, அதாவது 2.4 கிலோமீட்டர். ரைஃபிள் தோட்டான்னா இன்னும் அதிகம். அதனால அவுட்டோர் ரேஞ்சுக்கு வீட்டுல இருந்து எத்தனை அடின்னு கேக்கிறதை விட, பின்னாடி மண்மேடு எவ்வளவு உயரம், மேல தவறிப் போற குண்டைப் பிடிக்க தலைக்கு மேல தடுப்பு இருக்கா, அந்தத் திசையில மேட்டுக்கு அப்பால யாரு குடியிருக்காங்கன்னுதான் கேக்கணும்.

கேள்வி: போன்ல டெசிபல் ஆப் இருக்கே, ரேஞ்ச் சத்தத்தை அதுல அளந்து ஹியரிங்ல காட்டலாமா? – ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: காட்டினா ரேஞ்ச்காரர் வக்கீல்தான் சந்தோஷப்படுவார். துப்பாக்கிச் சத்தம் சுடுற இடத்துல 140ல இருந்து 170 டெசிபல் வரைக்கும் போகும், ஆனா கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சுடும். போன் மைக் அதைப் பிடிக்கறதுக்குள்ள அது போயே போச்சு, ஆப் காட்டுறது சராசரி நம்பர், உங்க வீட்டு மிக்ஸியை விடக் கம்மியா காட்டும். உச்ச அளவைப் பிடிக்கிற, காலிபரேட் பண்ணின மீட்டர் வாடகைக்குக் கிடைக்கும், தெருவுல நாலு வீடு சேர்ந்து எடுங்க. அதுவரைக்கும் ஒரு நோட்டுல தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு எழுதி வையுங்க.